சீமாட்டியின் கழுத்து

கழுத்தில்தான் பிழை இருந்தது.

முகத்தை முதலில் பார்த்தபோது ஜசிந்தாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாதி எலுமிச்சம்பழத்தின் அளவுதான் படம். சுற்றிவர மெல்லிய பொன் விளிம்பு, மேலே பூஞ்சணம் பிடித்த கண்ணாடி, உள்ளே யானைத்தந்தத் தகட்டில் தீட்டிய ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. வெள்ளை மாப் பூசி உயர்த்திக் கட்டிய தலைமயிர், நீலப் பட்டுச் சட்டை, காதில் ஒற்றை முத்து. கன்னத்தில் ரோசாப்பூ நிறம். ஆனால் தோள்கள் அந்தத் தலையைச் சுமக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆள் எவ்வளவுதான் ஆடாமல் அசையாமல் இருந்தாலும் கழுத்தின் இரண்டு பக்கத்து நரம்பிலும் ஒரு சின்ன இழுவை இருக்கும். இந்தக் கழுத்தில் அது இல்லை. துணிப்பொம்மையின் கழுத்தைப் போலக் குழைந்து கிடந்தது. அதன்மேல் தலை மட்டும் நேராக நின்றது.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பதினாறு வருடமாக அவள் செய்கிற வேலை அதுதான். ஊர்காவற்றுறையில் கனகசபை வைத்திருந்த ஸ்ரூடியோவின் படங்களைக் கரம்பொன்னில் தன் வீட்டில் இருந்தபடியே திருத்திக் கொடுப்பாள். முகப்பருவை அழிப்பாள், கறுத்த பெண்ணைக் கலியாணத்துக்காகக் கொஞ்சம் வெளுக்கப் பண்ணுவாள், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டுவாள். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காமல் செத்துப்போனவர்களைச் சவப்பெட்டிக்குள் வைத்து எடுத்த படங்கள் வரும். மூடிய கண்ணை அவள் திறந்துவிட வேண்டும். இமையின்மேல் வெள்ளை, வெள்ளைக்கு நடுவில் கறுப்பு, கறுப்புக்குள் ஊசிமுனையால் தொட்டமாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் செத்தவர் பார்ப்பார். வீட்டுக்காரர் அழுவார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, இந்த இரண்டு வருடத்துக்குள், அந்த வேலை கூடிப்போயிருந்தது. இளம் முகங்களாய் வந்தன.

இந்தச் சீமாட்டியைப் படமாகக் கீறும்போது அவள் உயிரோடு இருக்கவில்லை என்பது ஜசிந்தாவுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துபோயிற்று. ஆனால் படத்தைக் கொண்டுவந்த சறோஜினிதேவி ரீச்சரிடம் அதை அவள் சொல்லவில்லை.

"ஆர் ரீச்சர் இது?"

"ஒல்லாந்தர் காலத்தில ஊர்காவற்றுறையில இருந்த ஒரு துரையின்ர பெண்சாதி. தங்கட நாட்டில பெரிய பிரபு குடும்பமாம். இஞ்ச வந்து பதினொரு மாசத்தில காய்ச்சலில செத்துப்போனாவாம். எங்கட பாட்டன்ர பாட்டன் அந்தத் துரைக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தவர். அப்பிடித்தான் இது எங்கட வீட்டுக்கு வந்தது."

"கீறினது?"

"இந்தப் பக்கத்து ஆள்தானாம். உங்கட கிறிஸ்தவ வேதக்காரன். பேர் தெரியாது. இதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கீறேல்லை எண்டு எங்கட அப்பு சொல்லுவார்." ரீச்சர் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டுக் குனிந்து விரலால் காட்டினார். "ஒரு கண் மங்கலாக் கிடக்குது, பாரும். அதைச் சரிப்பண்ணி, கண்ணாடியையும் மாத்தித் தாரும். வெள்ளிக்கிழமை நான் கொழும்புக்கு வெளிக்கிடுறன். லண்டனில மகன் இதை ஆருக்கோ காட்ட வேணுமாம்."

"விளிம்பைக் கழட்ட வேண்டி வரும் ரீச்சர்."

ரீச்சர் பொன் விளிம்பை விரலால் தடவினார். "எங்கட வீட்டில ஒருத்தரும் அதைக் கழட்டினதில்லை" என்றார். பிறகு, "உமக்குத் தெரியும்தானே, பார்த்துச் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் மறுபக்கம் பார்த்தார். அங்கே சுவரோடு ஒட்டிப் போட்ட சாய்மனைக் கதிரையில் ஜசிந்தாவின் தாய் மதலேனம்மா கிடந்தார். "அம்மா எப்பிடி?"

"அப்பிடியேதான் ரீச்சர்."

பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். பேச்சு இல்லை. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். தலை நிற்காது, எப்படி வைத்தாலும் இடது தோளில் வந்து விழும்.

ரீச்சர் போனபிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மாதத்து மழை; மத்தியானத்திலேயே வானம் இருண்டு, ஓலை வேலியில் ஊறிய தண்ணீரின் புளித்த மணமும் கரையில் ஒதுங்கி அழுகுகிற சாதாழைக் கடற்புல்லின் மணமும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டன. ஓட்டு வெடிப்பால் ஒழுகிய நீர் குசினிக்குள் வைத்த வாளியில் ஒவ்வொரு சொட்டாக விழ, அந்தச் சத்தத்துக்கு இடையிடையே அம்மாவின் மூச்சு அரத்தால் மரத்தை ராவுவதுபோல இழுபட்டுக் கேட்டது. ஜசிந்தா மேசையை ஜன்னலோடு நெருக்கிப் போட்டு, படத்தை ஒரு பஞ்சுத் துண்டின்மேல் கிடத்தி, மெல்லிய கத்தியைப் பொன் விளிம்புக்குக் கீழே நுழைத்தாள்.

கண்ணாடி கழன்றதும் முதலில் வந்தது மணம்தான். கற்பூரம். எலுமிச்சம்பழம். அவற்றுக்கு அடியில் இன்னொன்று. செத்தவீடுகளில் மூன்றாம் நாளுக்கும் பெட்டியை மூடாமல், வெளிநாட்டிலிருந்து வருகிற மகனுக்காகக் காத்திருக்கும்போது, கற்பூரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எதற்காக வைப்பார்களோ, அது.

அவள் முகத்தைத் திருப்பி ஒருமுறை மூச்சு விட்டாள். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள்.

பொன் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில் விரல்கள் இருந்தன.

சீமாட்டியின் தாடைக்குக் கீழே, ஓரத்திலிருந்து உள்ளே நீண்ட நாலு விரல்நுனிகள். மற்றப் பக்கம் காதடியில், வெள்ளை மயிருக்குள் பாதி புதைந்து ஒரு பெருவிரல். வெள்ளைக்காரியின் விரல்கள் இல்லை. மாநிறம். நகங்களைச் சுற்றி நீல வர்ணம் ஊறிக் கிடந்தது, வருடக்கணக்காக வர்ணம் அரைத்த கையில் ஊறுகிற மாதிரி. ஓவியன் கண்ணால் கண்டதையெல்லாம் கீறியிருக்கிறான். அதை மறைக்கத்தான் விளிம்பு போட்டிருக்கிறார்கள்.

இடது கண்ணையும் பார்த்தாள். அது மங்கிப்போன கண் இல்லை. வெளிச்சப் புள்ளி வைக்கப்படாத கண். வலது கண்ணில் புள்ளி இருந்தது. இடது கண் வெறும் கறுப்பாகவே விடப்பட்டிருந்தது.

திரும்பப் பூட்டும்போது இடம் மாறிவிடக் கூடாதென்று, வழக்கம்போலப் படத்தின்மேல் எண்ணெய்த்தாளை விரித்து எல்லாவற்றையும் பென்சிலால் ஒற்றி எடுத்தாள். முகம், தோள், அந்த ஐந்து விரல்கள். பிறகு படத்தைத் துணியால் மூடிவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க எழும்பினாள்.

"வாயைத் திறவுங்கோ அம்மா."

இடது கையால் அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். நாலு விரல் தாடைக்குக் கீழே. பெருவிரல் காதடியில். இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை இப்படித்தான் பிடிக்கிறாள். வேறு விதமாகப் பிடித்தால் தலை நிற்காது. அரை மணித்தியாலம் பிடித்திருந்தால் மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் விறைத்துப்போகும். போன தபசுகாலத்தில் ஒருநாள், இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இந்தக் கையை நான் எப்ப எடுப்பன் என்று ஒரு நினைவு வந்துவிட்டது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதாள். ஆனாலும் அந்த நினைவு முழுதாய்ப் போகவில்லை.

அம்மா கஞ்சியை விழுங்கவில்லை. கண்கள் ஜசிந்தாவைத் தாண்டி ஜன்னலோரத்து மேசையைப் பார்த்தன. வலது கை மெல்ல ஊர்ந்து வந்து மகளின் சட்டையைப் பிடித்தது.

"என்னம்மா?"

அம்மா தொண்டைக்குள் ஏதோ செய்தார். சொல் வரவில்லை. சட்டையைப் பிடித்த பிடியையும் விடவில்லை.

மறுநாள் காலமை, கண்ணாடி வெட்டுவதற்காக எண்ணெய்த்தாளைத் திரும்பவும் படத்தின்மேல் வைத்தாள். முகம் பொருந்தியது. தோள் பொருந்தியது. விரல்கள் பொருந்தவில்லை.

நேற்று விரல்நுனியைச் சுற்றி ஒற்றிய கோடு இன்றைக்குப் படத்திலுள்ள விரலின் நடுமூட்டில் கிடந்தது; விரல்கள் இன்னும் உள்ளே நீண்டிருந்தன. தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஈரத்தில் தந்தம் சுருங்குமோ, தாள்தான் இழுபட்டிருக்குமோ என்று நினைத்துப் பார்த்தாள். சுருங்கினால் எல்லாம் சுருங்க வேண்டும். முகம் ஒரு மயிரளவும் மாறவில்லை.

பக்கத்து வீட்டு மேரிறோஸ் பத்து மணிக்கு வந்தாள். கடற்படை மீன்பிடிக்கக் கடலுக்கு விடாததால் அவளுடைய மனுசன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அவள் வந்து அம்மாவைக் குளிப்பாட்டக் கை கொடுப்பாள். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஆரக்கா இந்த மனிசி?"

"ஒல்லாந்தக்காரி. பழைய காலத்துப் படம்."

"அவவைச் சொல்லேல்லை. பின்னால நிண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறா, அவவைக் கேட்டனான்." மேரிறோஸ் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "பாவம். கை விறைச்சுப் போகும்."

அவள் போனபிறகு ஜசிந்தா பூதக்கண்ணாடியை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். சீமாட்டியின் தோளுக்குப் பின்னால், நேற்று வெறும் சாம்பல் நிறமாய் இருந்த இடத்தில், ஒரு மணிக்கட்டு தெரிந்தது. அதற்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் கெட்டியாக நின்றது.

படத்தைக் கவிழ்த்தாள். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. தந்தத் தகட்டின் பின்பக்கம் பழுப்பேறிய ஒரு தாள் நாலாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. பசை உலர்ந்து, தொட்டதும் தானாகவே விட்டுக்கொடுத்தது. புள்ளி வைக்காத பழைய தமிழ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

துரையுடைய நாச்சியார் மரித்து மூன்றாம் நாள். சிரசு விழாதபடிக்கு என் பெண்சாதி பிடித்திருக்கிறாள். படம் முடியுமட்டும் கை எடுக்கலாகாதென்று துரை உத்தரவு. இடக்கண்ணில் ஒளி வைக்க எனக்குக் கை வரவில்லை. என் பெண்சாதியும் கை எடுக்கவில்லை.

அதற்குக் கீழே நாலாம் நாள் என்று எழுதி வெட்டியிருந்தது. ஐந்தாம் நாள் என்று எழுதி அதையும் வெட்டியிருந்தது. ஆறு. ஏழு. ஒன்பதுவரைக்கும் எண்ண முடிந்தது. அங்கே தாள் முடிந்துபோயிற்று.

புதன்கிழமை விடிந்ததும் படத்தையும் தாளையும் விளிம்பையும் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் போட்டு, துணியால் சுற்றி, மழைக்குள் ரீச்சர் வீட்டுக்கு நடந்தாள். என்னால் ஏலாது ரீச்சர், கோவிக்கப்படாது என்று சொல்வதற்கு வழிநெடுக ஒத்திகை பார்த்தாள். கேற் பூட்டியிருந்தது. பயண அலுவலாக ரீச்சர் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார், வியாழன் பின்னேரம்தான் வருவார் என்று முன்வீட்டுக்காரர் சொன்னார். பெட்டியை உங்களிடம் தரலாமா என்று கேட்க வாய் எடுத்தாள். அவர் வீட்டு வாசலில் ஒரு சின்னப்பிள்ளை நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்காமல் திரும்பிவிட்டாள்.

அம்மாவைத் தனியே விட்டுப் போனது மொத்தம் அரை மணித்தியாலம் இருக்கும். இடது பக்கம் தலையணை வைத்து, அதில் தலையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தாள். வந்து பார்த்தபோது தலை வலது பக்கம் கிடந்தது. தலையணை நிலத்தில் விழவில்லை. கதிரைக் கையில் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மாவின் கண்களில் தண்ணீர் நின்றது. தாடைக்குக் கீழே, சுருங்கிய தோலில், நீலமாய் ஒரு தடம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

தன் கையிலிருந்த வர்ணம்தான் பட்டிருக்கும் என்று சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த மூன்று நாளும் அவள் நீலத்தைத் தொடவே இல்லை.

வீட்டைவிட்டு ஓடலாம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? படத்தைக் கிணற்றில் போடலாம். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். நெருப்பில் போடலாம் என்று அடுப்படிவரைக்கும் கொண்டுபோனாள். பெட்டியைத் திறந்ததும் அந்த மணிக்கட்டு தெரிந்தது. நரம்பு புடைத்த மணிக்கட்டு. இருநூறு வருடமாக ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முடியுமட்டும் கை எடுக்காதே என்று சொன்னவனும் செத்துவிட்டான், முடிக்க வேண்டியவனும் முடிக்காமல் செத்துவிட்டான். கை எடுக்கலாம் என்று அவளுக்குச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அந்த நோவு என்னவென்று ஜசிந்தாவுக்குத் தெரியும். அவளால் அந்தக் கையை நெருப்பில் போட முடியவில்லை.

ஒரு புள்ளி. அவ்வளவுதானே. முடித்துவிட்டால் அவள் போய்விடுவாள்.

மூன்று மணி இருக்கும். மழை விடாமல் ஊற்றியது. வெளியில் கடலும் வானமும் ஒரே சாம்பலாகிப் போயிருக்க, ஜன்னலால் வந்த வெளிச்சம் மேசையையும் அவள் கையையும் மட்டும் தொட்டுவிட்டு நின்றது. ஆகச் சின்னத் தூரிகையை எடுத்தாள். நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். வெள்ளையைத் தொட்டாள். செபமாலைத் தேவதாயே என்று சொல்லிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள்.

கைக்குப் பழகிய வேலை.

புள்ளி விழுந்தது.

சீமாட்டி பார்த்தாள்.

ஜசிந்தாவை இல்லை. ஜசிந்தாவின் தோளுக்கு மேலால், அறைக்குள்.

பிறகு தாடைக்குக் கீழே இருந்த நாலு விரலும், ஈரத்தாளில் மை இழுபடுவதுபோல, ஓரத்தை நோக்கிப் பின்வாங்கின. பெருவிரல் போயிற்று. மணிக்கட்டு போயிற்று. அவை இருந்த இடத்தில் வெறும் தந்தம்.

விட்டுட்டா, என்று ஜசிந்தா நினைத்தாள். நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது படத்தில் முகம் இல்லை. தலை முன்னால் விழுந்து, தாடை மார்பில் புதைந்து, மாப் பூசிய உச்சிமயிர் மட்டும் தெரிந்தது.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொரு சொட்டு.

இடையில் கேட்க வேண்டிய மூச்சு கேட்கவில்லை.

கதிரை முனகியது.

ஜசிந்தா திரும்பினாள்.

அம்மா நிமிர்ந்து இருந்தார். நேராக. சாய்மனையில் முதுகு படாமல். இரண்டு கண்ணும் திறந்தபடி.

ஒரு நொடி. ஒரு நொடி மட்டும் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

"அம்மா?"

எழும்பிப் போனாள். முன்னால் முழந்தாளிட்டாள். கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மூக்கடியில் விரலை வைத்தாள். வைத்தபடியே காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

அம்மாவின் கை மடியில் மல்லாந்து கிடந்தது. தோள் இரண்டும் தளர்ந்துவிட்டன. உடம்பில் எதுவும் எதையும் தாங்கவில்லை.

ஆனாலும் தலை விழவில்லை.

அவள் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்க வேண்டாம் என்று நினைத்தாள். தாடைக்குக் கீழே நாலு விரல். நகத்தைச் சுற்றி நீலம். நரைத்த மயிருக்குள் புதைந்த பெருவிரல். மணிக்கட்டு. அதற்குப் பின்னால் சுவர். கதிரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இல்லை.

ஜசிந்தாவின் வலது கையில் இன்னும் தூரிகை இருந்தது. கீழே போடப் பார்த்தாள். விரல்கள் மடங்கியபடியே நின்றன, விரிய மறுத்தன.

அம்மாவின் முகம் அசைந்தது. தானாக இல்லை. தாடையைப் பிடித்த விரல்கள் இறுகி, மிகவும் கவனமாக, நோகாமல், அதை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பின. கொஞ்சம் உயர்த்தின. இன்னும் கொஞ்சம். நெற்றியில் விழுந்து கிடந்த ஒரு நரைமயிரை இன்னொரு கை வந்து ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகியது.

பிறகு இரண்டு கைகளும் அசையாமல் நின்றன, ஜசிந்தா கீறத் தொடங்குமட்டும்.